பென்சிலால் வட்டமிட்ட 13 ஆண்டுகள்: குமரி மாவட்டத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

போன மாதம் தக்கலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எதிர்ச் சுவரில் உங்களில் ஒருவருடைய மருத்துவமனை விளம்பரத்தைப் பார்த்தேன். 'ஸ்டாஃப் நர்ஸ் தேவை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. வயது 35க்குள் இருக்க வேண்டும். பணியில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். இதே நிபந்தனையை இதற்கு முன் இரண்டு மருத்துவமனைகளில் வாயால் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அச்சடித்து ஊருக்கே தெரியும்படி ஒட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 43 வயது. 2003இல் டிப்ளமோ நர்சிங் முடித்தேன். அப்பா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மழை பிடித்துக்கொண்டு பால்வெட்டு நின்றுபோகும் மாதங்களில் வட்டிக்கு வாங்கி எனக்கு ஃபீஸ் கட்டினார். என் வீட்டில் மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. மகளை நர்சிங் படிக்க வைக்க நகையை அடகு வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ உண்டு.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். முதல் நான்கு ஆண்டு மெடிக்கல் வார்டு, அப்புறம் ஐந்து ஆண்டு ஐ.சி.யூ. 2010இல் மூத்தவள் பிறந்து 45 நாளில் டூட்டிக்குத் திரும்பினேன். அன்றைய சட்டப்படியே 12 வாரம் விடுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. டூட்டிக்கு நடுவில் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு மறுபடியும் மானிட்டர் முன்னால் வந்து நிற்பேன். 2012இல் இரண்டாவது பிள்ளை. அதுவரை மூத்தவளைப் பார்த்துக்கொண்ட என் அம்மா முட்டுவலியால் நடக்க முடியாமல் ஆகிவிட்டார். ஒருத்தியின் வீட்டுக்காரர் வெளிநாட்டில், இன்னொருத்தியின் மாமியார் வேறு ஊரில் என்று வேலையை விடும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். எனக்கு இது. வேலையை விட்டேன். முறையாக நோட்டீஸ் தரவில்லை என்று சொல்லி அனுபவச் சான்றிதழைத் தர மறுத்துவிட்டார்கள். அந்த ஒன்பது ஆண்டுக்கு இன்றைக்கு என்னிடம் இருக்கும் சாட்சி, ஒரு கட்டு சம்பளச் சீட்டும் மூலை உடைந்த அடையாள அட்டையும்தான்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் உங்களில் ஒருவருடைய மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனேன். மனிதவளப் பிரிவில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் விண்ணப்பத்தை மேலிருந்து கீழே படித்தார். '2012' என்ற இடத்தில் பென்சிலை வைத்து வட்டம் போட்டு, பக்கத்தில் '13' என்று எழுதினார். "இத்தனை வருஷம் வீட்ல சும்மாதான் இருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். நான் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. "இதெல்லாம் கணக்கில் வராது" என்று சொல்லிவிட்டார்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2015 ஆகஸ்டில் ஒரு காலை, அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமியின், அதாவது என் மாமியாரின், கை நழுவியது. திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 7.20. மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். எட்டரைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு தெரிந்தது. அதனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழியில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மூக்கில் உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப், கீழே சிறுநீர் வடியும் கத்தீட்டர், கூடவே பல வருடச் சர்க்கரை.

அன்றிலிருந்து 2022 பிப்ரவரியில் மாமி இறக்கும் வரை, ஆறரை ஆண்டு, எங்கள் வீட்டின் கிழக்கு அறைதான் என் வார்டு. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடது பக்கம், நேராக, வலது பக்கம். ஒரு ஆள் தனியாகப் புரட்ட வேண்டுமானால் விரிப்பை இரண்டாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டு, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். சாப்பாடு கொடுக்கும் முன் தலைமாட்டை உயர்த்தி, டியூப் இடத்தில் இருக்கிறதா, போன வேளை கொடுத்தது வயிற்றில் தங்கியிருக்கிறதா என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பேன். வடிகட்டிய கஞ்சி 200 மில்லி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளக்கூடாது. பிறகு தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, அரை மணி நேரம் தலையைத் தாழ்த்தாமல் உட்கார வைத்திருப்பேன். சாய்த்துவிட்டால் நெஞ்சுக்குள் ஏறி நிமோனியா வரும். மகனுடைய பள்ளி நோட்டு ஒன்றில் ஐ.சி.யூ. சார்ட் மாதிரியே கோடு போட்டு, உள்ளே போனது, வெளியே வந்தது, பி.பி., சர்க்கரை, எந்தப் பக்கம் படுக்க வைத்தேன், தோல் எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்தேன். அப்படி 14 நோட்டுகள் சேர்ந்தன. உங்கள் மேஜையில் நான் வைத்தது அதில் ஒன்றைத்தான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். எங்கள் தெருவுக்கு ஒன்பது நாள் கரண்ட் வரவில்லை. சாலை முழுக்க ரப்பர் மரம், வாழை, மின்கம்பம். மாமி படுத்திருந்த காற்று மெத்தை முதல் மணி நேரத்திலேயே தளர்ந்து தட்டையாகிவிட்டது. மெத்தை இல்லாததால் இரண்டு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தேன். ராத்திரியில் போனில் அலாரம் வைத்து எழுந்தேன், சார்ஜ் தீர்ந்த பிறகு விழித்தே இருந்தேன். ஃபிரிட்ஜ் இல்லாததால் இன்சுலின் குப்பியை மண்பானையில் தண்ணீர் படாமல் உயரத்தில் வைத்து, பானையை ஈரத்துணியால் சுற்றிக் காப்பாற்றினேன். அந்த ஒன்பது நாளிலும் சரி, ஆறரை ஆண்டிலும் சரி, மாமிக்குப் படுக்கைப் புண் வரவில்லை. ஒரே ஒரு தடவை இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவந்தது. நான்கு நாளில் அதுவும் ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல நர்ஸ் வச்சிருக்கீங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

நிர்வாகிகளே, இந்த வேலையை நான் வேறொருவர் வீட்டில் செய்திருந்தால் உங்கள் கணக்கில் வந்திருக்கும். மாமி இறந்த பிறகு, வீட்டுக்கு ஹோம் நர்ஸ் அனுப்பும் ஓர் ஏஜென்சியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பக்கவாதம் வந்த ஒரு பாட்டியைப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். டியூப், கத்தீட்டர், புரட்டிப் படுக்க வைப்பது என்று அதே வேலை. அதற்கு நாள் கூலி பேசினார்கள், அனுபவம் என்றும் எழுதித் தருவார்களாம். என் மாமிக்குச் செய்தால் சும்மா இருந்தது, இன்னொருவர் மாமிக்குச் செய்தால் அனுபவம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாமிக்கு முந்தைய மூன்று ஆண்டு நான் பிள்ளைகளை மட்டும்தான் வளர்த்தேன், அதை நர்சிங் என்று சொல்லி உங்களிடம் கணக்குக் காட்ட வரவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது, தெரியும். மருத்துவம் மாறிவிட்டது, பழைய ஆளை வைத்துக்கொண்டு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. நாளைக்கே என்னை ஐ.சி.யூ.வில் தனியாக நிறுத்தினால் தப்பு நடக்கும், அதை நானே சொல்கிறேன். மருந்தை அளந்து ஏற்றும் இப்போதைய சிரிஞ்ச் பம்புகளை நான் கையாண்டதில்லை. கம்ப்யூட்டரில் சார்ட் போட்டதில்லை. நான் வேலையை விடும்போது தாளும் பேனாவும்தான்.

ஆனால் மாற்றம் என்பது வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் வந்ததில்லை. நான் படிக்கும்போது இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை 15 தடவை அழுத்தினால் இரண்டு மூச்சு கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2005இல் அது 30க்கு இரண்டு என்று ஆனது. 2010இல் வரிசையே மாறியது, முதலில் மூச்சுக்குழாய் என்றிருந்ததை மாற்றி முதலில் நெஞ்சை அழுத்து என்றார்கள். இந்த இரண்டு மாற்றமும் நான் வேலையில் இருந்தபோதே வந்தவை. இரண்டு தடவையும் என்ன செய்தோம்? ஒரு மதியம் வகுப்பு எடுத்தார்கள், பொம்மையின் நெஞ்சில் ஆளுக்கு ஐந்து நிமிடம் அழுத்திப் பார்த்தோம், சாயங்காலம் டூட்டிக்குப் போனோம். அப்போது யாரும் எங்களைப் 'பழைய ஆட்கள்' என்று வெளியே அனுப்பவில்லை. இன்றும் உங்களிடம் வேலையில் இருப்பவர்கள் எடுத்து வரும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான். அதன் பிறகு அவர்களும் மறுபடி பயிற்சிக்குப் போகத்தான் வேண்டும்.

கையில் இருக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் கணக்குப் பாடத்துக்கு நடுவில் அவளுக்கு டிரிப்ஸ் ஏற்றும் சொட்டுக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு 42 சொட்டு. பேப்பர் எடுக்காமலே சொன்னேன். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு, மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதும் மறக்கவில்லை. இதையெல்லாம் உங்கள் நேர்காணலில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு கேள்விகூட நர்சிங்கைப் பற்றி வரவில்லை.

மாமி போன பிறகு, விட்டுப்போனதைச் சரிசெய்யத் தொடங்கினேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அந்த ஐந்து ஆண்டில் 150 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைவிட 15, 20 வயது சின்னவர்கள். பதிவு இப்போது உயிரோடு இருக்கிறது. நர்ஸாக வேலை செய்யலாம் என்று அது சொல்கிறது. தக்கலைச் சுவர் விளம்பரம் மட்டும் கூடாது என்கிறது.

உங்களுடைய நஷ்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். வருடம் பூராவும் 'நர்ஸ் தேவை' விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? படித்து முடித்த பிள்ளைகள் உங்களிடம் வருவது அனுபவச் சான்றிதழுக்காக. இரண்டு ஆண்டு ஆனதும் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக் கடனை அடைக்க வேண்டாமா? ஆனால் நீங்கள் ஒரு பிள்ளைக்கு நரம்பில் மருந்து ஏற்றும் கேனுலா போடச் சொல்லிக்கொடுத்து, கை பழகும் நேரத்தில் அவள் பாஸ்போர்ட்டோடு வந்து நிற்கிறாள். நாங்கள் எங்கும் போக மாட்டோம். எங்கள் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், வீடு இங்கே இருக்கிறது. ஓய்வு பெறும்வரை உங்கள் வார்டில் நிற்கக்கூடியவர்கள் நாங்கள்தான்.

அந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் பிரிட்டனில் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள் என்று அங்கே இருக்கும் என் வகுப்புத் தோழி சொன்னாள். மூன்று ஆண்டில் 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேலைக்குத் திரும்புவதற்கான ஒரு பயிற்சியை முடித்தோ, திறன் தேர்வு எழுதியோ மறுபடி வேலைக்குச் சேரலாம். இடைவெளி விட்டவரை அங்கேயும் அப்படியே உள்ளே விடுவதில்லை. ஆனால் உள்ளே வருவதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு இன்னொரு மருத்துவமனையில் என்னை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சம்பளம் 10,000 ரூபாய், நேற்றுப் படிப்பை முடித்து வந்த பிள்ளைக்குக் கொடுப்பது. ஒன்பது ஆண்டு அனுபவம் என்ன ஆனது என்று கேட்டேன். "கேப் வந்தா பழசு போயிடும்" என்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பைத் தொடர்ந்து அமைத்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரை செய்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2018லேயே அந்த 20,000 குறைந்தபட்சக் கூலியாக அறிவிப்பாணையில் வந்துவிட்டது. நம் மாவட்டத்துப் பெண்கள் எல்லை தாண்டி வேலைக்குப் போவது மலையாளத்து மேல் உள்ள ஆசையால் இல்லை.

என்னைப் போல நர்ஸ் வேலையை விட்டவர்கள் என் வகுப்பிலேயே எனக்குத் தெரிந்து, என்னையும் சேர்த்து, 11 பேர். ஒருத்தி அழகியமண்டபத்தில் துணிக்கடையில் நிற்கிறாள். ஒருத்தி திங்கள்சந்தையில் டியூஷன் எடுக்கிறாள். இருவரும் பிரசவ வார்டில் கைதேர்ந்தவர்கள். ஊரில் யாருக்காவது சர்க்கரை இறங்கினால், குழந்தைக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தால், இன்றும் முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். 2021இல் இரண்டாம் அலை அடித்தபோது என் வாசலிலும் அப்படித்தான். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து, யாரை உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், யார் வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் எனக்கு இடைவெளி எத்தனை ஆண்டு என்று கேட்கவில்லை.

இனி உங்களிடம் கேட்பது.

முதலாவது, அந்த இரண்டு வரியை எடுத்துவிடுங்கள். வயதுக்கும் இடைவெளிக்கும் பதிலாக ஒரு மணி நேரச் செய்முறைத் தேர்வு வையுங்கள். கேனுலா போடச் சொல்லுங்கள், மருந்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொல்லுங்கள், ஒரு நோயாளியின் நிலையை அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்கச் சொல்லுங்கள். தேறாதவரை அனுப்பிவிடுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

அடுத்தது, தேறியவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி, சம்பளத்தோடு. ஓர் அனுபவமுள்ள சிஸ்டருக்குக் கீழே நின்று வார்டில் கற்றுக்கொள்கிறோம். புதிய பம்புகள், கம்ப்யூட்டர் சார்ட், இப்போதைய தொற்றுத் தடுப்பு முறைகள், இவைதான் எங்களுக்கு முக்கியமாகத் தேவை. சின்ன மருத்துவமனைக்குத் தனியாக நடத்துவது கஷ்டம் என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்துங்கள். இந்த மாவட்டத்து நர்சிங் கல்லூரிகளில் பயிற்சிப் பொம்மைகளோடு லேப்கள் இருக்கின்றன, விடுமுறை நாட்களில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. சம்பளத்தோடு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் 13 ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்த ஒருத்தியை இன்னும் ஆறு வாரம் அப்படியே உழைக்கச் சொல்லக்கூடாது.

பயிற்சி முடிந்ததும் முந்தைய அனுபவத்தைச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னுடைய ஒன்பது ஆண்டு ஒன்பது ஆண்டுதான். வீட்டில் படுக்கை நோயாளியைப் பார்த்த காலத்தையும் விண்ணப்பத்தில் எழுத ஓர் இடம் கொடுங்கள், நோட்டைக் கொண்டுவந்தால் பிரித்துப் பாருங்கள்.

முதல் ஓராண்டு, கேட்பவர்களுக்கு நிலையான ஷிஃப்ட் கொடுங்கள். காலையென்றால் காலை, இரவென்றால் இரவு. வாரத்துக்கு வாரம் மாறினால் வீட்டில் யார் எப்போது இருப்பது என்று ஏற்பாடு செய்ய முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது 2017 திருத்தத்திலிருந்து சட்டம். எனக்கு இனி அது தேவையில்லை. இப்போது உங்கள் வார்டில் நிற்கும் 25 வயதுப் பிள்ளைக்குத் தேவை. அவளுக்கு 26 வார விடுப்பும் உண்டு என்று அவள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். அவள் வேலையை விட நேர்ந்தால், அன்றைக்கே அனுபவச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவளாவது என்னைப் போலப் பழைய சம்பளச் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

உங்களில் ஒரே ஒரு மருத்துவமனை இதற்கு முன்வந்து ஒரு தேதி சொன்னால் போதும். நாங்கள் 11 பேரும் பதிவுச் சான்றிதழோடு அன்று காலை எட்டு மணிக்கு உங்கள் வாசலில் இருப்போம். நான் 14 நோட்டையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தக்கலை அருகிலிருந்து,
பதிவு பெற்ற ஒரு நர்ஸ்